தரவு மையங்களும் பேரிடர் மீட்பும்



பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழக்கத்தைக் கண்டிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், பிறப்புப் பதிவுகள், ஊரிலுள்ள நிலத்தின் பட்டா, உத்தியோக நியமன உத்தரவு எல்லாம் அதில் இருக்கும். அவற்றுள் முக்கியமானவற்றுக்கு ஒரு நகல் எடுத்து, உறையிலிட்டு, ஊரில் இருக்கும் அண்ணனிடமோ மாமனிடமோ கொடுத்து வைத்திருப்பார்கள். தில்லியில் வீடு தீப்பற்றினாலும் தஞ்சாவூரில் நகல் இருக்கும். தஞ்சாவூரில் வெள்ளம் வந்தாலும் தில்லியில் அசல் இருக்கும். இதை அவர்களுக்கு எந்த விஞ்ஞானியும் கற்றுக் கொடுக்கவில்லை. இடம்பெயர்ந்து வாழ்பவருக்குக் காகிதத்தின் அருமை தானே தெரிந்துவிடுகிறது.

இன்று அந்தப் பெட்டியில் உள்ளவற்றுள் பெரும்பகுதி கணினிக்குள் போய்விட்டது. ஊர்ப் பட்டாவைக் கணினியில் பார்க்கிறோம். சேமநல நிதிக் கணக்கும் ஓய்வூதியக் கணக்கும் கணினியில் இருக்கின்றன. 2022 ஜூன் முதல் நாட்டின் எல்லா மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் நடைமுறையில் இருப்பதால், சேலத்து அட்டையைக் கொண்டு சூரத்திலும் அரிசி வாங்க முடிகிறது. கடைக்காரர் நம் விரல்ரேகையை யந்திரத்தில் பதிக்கச் சொல்கிறார்; எங்கோ உள்ள ஒரு தரவு மையம் 'ஆம், இவர்தாம்' என்று விடை சொல்கிறது. அந்த மையம் விடை சொல்லாவிட்டால் அன்றைக்கு அரிசி இல்லை. ஆகவே, தரவு மையத்துக்கு ஓர் ஆபத்து வந்தால் என்ன ஏற்பாடு என்பது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. அந்த ஏற்பாடுகள் எவை, அவற்றுள் எதனை எதற்காகத் தேர்ந்துகொள்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் இரண்டு சொற்களை விளக்கிவிடுகிறேன். தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான சர்வர் கணினிகளை ஒரே கட்டடத்தில் அடுக்கி, இடைவிடாத மின்சாரமும் குளிர்காற்றும் கொடுத்துக் காப்பாற்றும் இடம். மற்றது 'வர்ச்சுவல் மெஷின்'. தமிழில் மெய்நிகர் யந்திரம் என்கிறோம். ஒரு பெரிய கணினியின் ஆற்றலைப் பல பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கும் தானே ஒரு தனிக் கணினி என்று எண்ணிக்கொண்டு வேலை செய்யும்படி அமைப்பதே இதன் கருத்து. இது புதிய யுக்தி அன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே தன் பெரிய கணினிகளுக்கு இத்தகைய அமைப்பை விற்பனைக்கு அறிவித்தது. இக்காலத்தில் வி.எம்.வேர், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கே.வி.எம். ஆகியவை இதே பணியைச் செய்கின்றன.

மெய்நிகர் யந்திரத்தின் தனிச் சிறப்பு இதுதான்: அது முழுவதும் சில கோப்புகளாகவே இருக்கிறது. அதன் வட்டு ஒரு கோப்பு. அதன் அமைப்பு விவரம் ஒரு கோப்பு. பழைய முறையில் ஒரு கணினி எரிந்துபோனால் அதைப் போன்ற இன்னொன்றை வாங்கி, மென்பொருளை ஒவ்வொன்றாக ஏற்றி, நாட்கணக்கில் பாடுபட வேண்டும். மெய்நிகர் யந்திரத்துக்கோ, அந்தக் கோப்புகளின் நகல் வேறோர் ஊரில் இருந்தால் போதும். அங்குள்ள பொருத்தமான கணினி எதிலும் அதை எழுப்பி ஓடவிடலாம். பேரிடர் மீட்பு ஏற்பாடுகள் அனைத்தும் இந்த ஒரு வசதியின் மேல் எழுந்தவையே.

ஆனால் வசதி இருப்பது வேறு. அதைப் பயன்படுத்தியிருப்பது வேறு. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

2021 மார்ச் 10-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில், ஓ.வி.எச். கிளவுட் என்ற நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றியது. அந்த வளாகத்தில் நான்கு மையங்கள் அடுத்தடுத்து நின்றன. ஒன்று முற்றிலும் எரிந்தது. இன்னொன்று ஓரளவு எரிந்தது. தீயை அணைப்பதற்காக ஏனைய இரண்டுக்கும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் லட்சக்கணக்கான இணையத் தளங்கள் மறைந்தன. வாடிக்கையாளர்களுள் சிலர் காப்பு நகல் வைத்திருந்தும் பயனில்லை. ஏனெனில் அந்த நகலும் அதே வளாகத்தில் இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி என்னைப் போன்ற அரசாங்க ஊழியரின் நெஞ்சில் தைக்கக்கூடியது. 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் இரவு தென்கொரியாவின் தேஜோன் நகரில், அந்நாட்டு அரசாங்கத்தின் தேசியத் தகவல் வள மையத்தில், மின்சாரத் தடையைச் சமாளிப்பதற்காக வைத்திருந்த லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது தீ எழுந்தது. 600-க்கும் மேற்பட்ட அரசாங்கச் சேவைகள் நின்றன. அவற்றுள் 96 அமைப்புகள் நேரடியாக எரிந்துபோயின. அந்த 96-இல் 'ஜி-டிரைவ்' என்பது ஒன்று. அரசாங்க ஊழியர்கள் தம் அலுவலகக் கோப்புகளைத் தம் மேஜைக் கணினியில் வைக்காமல் இதிலேயே வைக்க வேண்டும் என்று நெறிப்படுத்தப்பட்டிருந்த பொதுக் களஞ்சியம் அது. ஏறத்தாழ 1,25,000 ஊழியர்கள் அதைப் பயன்படுத்தி வந்தனர். அதில் இருந்தவை 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்ற காரணத்தால் வேறோர் இடத்தில் நகல் இல்லை. எட்டு ஆண்டுகளாகச் சேர்ந்த வேலை ஓர் இரவில் சாம்பலாயிற்று.

'அளவு மிகப் பெரியது' என்ற காரணத்தைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். நொடிக்கு ஒரு கிகாபிட் கொண்டு செல்லும் ஒரு கம்பிப் பாதையில் 858 டெராபைட்டை அனுப்ப ஏறத்தாழ 80 நாள் பிடிக்கும். நீண்ட காலந்தான், ஆனால் முடியாத காரியம் அன்று. முதல் நகல் போய்ச் சேர்ந்த பின், அன்றன்று மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். ஆகவே, அளவு பெரியதாயினும் நகல் எடுக்கத் தடை எதுவும் இல்லை. எட்டு ஆண்டுகளில் 80 நாளை அதற்கென்று ஒதுக்குவதா, கூடாதா என்பதே அங்கே எழுந்திருக்க வேண்டிய கேள்வி.

அயல்நாட்டுக் கதையை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையாகாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் மூவராகச் சேர்ந்து ஒரு கலைச்சொல் தொகுதியைத் தயாரித்து வந்தோம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு சுற்றறிக்கையில் ஒரு தமிழ்ச்சொல்லும் மறு சுற்றறிக்கையில் வேறு சொல்லும் வந்தால் படிப்பவர் குழம்புவார் அன்றோ? அதற்காக ஒவ்வொரு சொல்லையும் விவாதித்து, எந்தச் சட்டத்தில் எப்படி வழங்கியிருக்கிறது என்று பார்த்துப் பதிந்து வைத்தோம். ஒரு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை சர்வர் அறையின் கூரையில் நீர் கசிந்தது. திங்களன்று வந்து பார்த்தபோது யந்திரம் எழவில்லை. நகல் ஒன்று இருந்தது. அதே அலமாரியின் கீழ்த்தட்டில் நனைந்துகிடந்தது. இன்னொரு நகல் மற்றொரு கட்டடத்தில் நாடாவில் இருந்தது. அதைத் திறந்து பார்த்தபோதுதான் பதினான்கு மாதங்களாக அதில் புதிதாக எதுவும் பதிவாகவில்லை என்று தெரிந்தது. ஓய்வுபெற்றுப் போன மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், கண்பார்வை குறைந்ததால் அவ்வப்போது அச்சிட்டு வைத்துக்கொண்ட தாள்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு பாதியை மீட்டோம். மறுபாதியை மீண்டும் விவாதித்து எழுதினோம். ஒரு சொல்லை முன்பு ஏன் தேர்ந்தோம் என்பது எங்களுள் ஒருவருக்கும் நினைவில்லை.

அதன் பின் அந்த அலுவலகம் இரண்டு ஊர்களில் தரவு மையம் கொண்ட ஒரு புதிய ஏற்பாட்டுக்கு முனைந்தது. அதற்கான ஆவணங்களை மொழிபெயர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பொறியாளர்கள் எங்களிடம் இரண்டே கேள்விகளைக் கேட்டார்கள். ஒன்று: ஆபத்து நேர்ந்தால் கடைசியாகச் செய்த எவ்வளவு நேரத்து வேலை போனால் தாங்குவீர்கள்? மற்றொன்று: மீண்டும் வேலை தொடங்க எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? முதலாவதைத் தாங்கும் இழப்பு என்றும், இரண்டாவதைத் தாங்கும் காத்திருப்பு என்றும் நாம் வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஒரே பதில் வந்தது: 'ஒன்றும் போகக் கூடாது, ஒரு நிமிஷமும் காத்திருக்க முடியாது.' செலவுக் கணக்கு வந்தபோது அந்தப் பதில் மாறத் தொடங்கியது. அங்கேதான் உண்மையான தேர்வு ஆரம்பமாயிற்று.

இனி, தேர்ந்துகொள்ளக் கிடைக்கும் ஏற்பாடுகளைப் பார்ப்போம்.

ஒரே மையத்துக்குள், ஒரு கணினி பழுதானால் அதிலிருந்த மெய்நிகர் யந்திரங்களைப் பக்கத்துக் கணினியில் தானாகவே எழுப்பும் வசதி ஒன்று உண்டு. இது மிகவும் பயனுள்ளது. ஆனால் இதைப் பேரிடர் மீட்பு என்று எண்ணிவிடக் கூடாது. கட்டடமே எரியும்போது பக்கத்துக் கணினியும் சேர்ந்தே எரியும். விற்பவரின் பட்டியலில் இது முதலில் இருக்கும். வாங்குபவர் இதோடு திருப்தியடைந்துவிடுவதும் உண்டு.

ஊர் விட்டு ஊர் காக்கும் ஏற்பாடுகளில் எளியது காப்பு நகல். நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் இரவில், மெய்நிகர் யந்திரத்தின் கோப்புகளை நகல் எடுத்து வேறோர் ஊருக்கு அனுப்புவது. செலவு குறைவு. ஆனால் ஒரு நாள் வேலை வரை போகக்கூடும்; திரும்ப எழுப்பவும் பல மணி நேரமோ சில நாட்களோ ஆகும்.

அடுத்தது பின்தொடர் நகல். இங்கே நடக்கும் மாற்றங்களைச் சிறிது நேரத்துக்கு ஒரு முறை தொகுத்து மறு மையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி அமைப்பில் 30 நொடி, 5 நிமிஷம், 15 நிமிஷம் என்று மூன்று இடைவெளிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கே.வி.எம்.-ஐ அடிப்படையாகக் கொண்ட பிராக்ஸ்மாக்ஸ் என்ற அமைப்பில், நாம் மாற்றாதவரை இடைவெளி 15 நிமிஷம். ஊர்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் இது இயங்கும். ஆனால் பாதையின் அகலத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 50 கிகாபைட் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், அதை அதே ஒரு மணி நேரத்தில் அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 111 மெகாபிட் பாதை தேவை. 100 மெகாபிட் பாதையை வாடகைக்கு எடுத்திருந்தால் நகல் ஒவ்வொரு மணியும் பின்தங்கும். காகிதத்தில் 15 நிமிஷம் என்று எழுதியிருக்கும். உண்மையில் மாலைக்குள் அரை மணியாகவும் ஒரு மணியாகவும் வளர்ந்திருக்கும்.

மூன்றாவது உடன்நிகழ் நகல். ஒரு பதிவு இரு மையங்களிலும் எழுதப்பட்ட பிறகே 'முடிந்தது' என்று சொல்லும் முறை. இதில் இழப்பு இல்லை. ஆனால் இயற்கையே இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. தில்லியும் ஐதராபாத்தும் 1,200 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ளவை. ஒரு பதிவு போய், பதில் திரும்பி வர, நேர்கோட்டில் இழை போட்டாலும் 12 மில்லிநொடி ஆகும். ஒன்று முடிந்த பின்னரே அடுத்ததை எழுத வேண்டிய வேலையில் நொடிக்கு எண்பது பதிவுகளுக்கு மேல் எழுத இயலாது. பணம் எவ்வளவு கொடுத்தாலும் ஒளி விரைந்து ஓடாது. ஆகவே உடன்நிகழ் நகல் அருகருகே உள்ள மையங்களுக்கே ஏற்றது. வி.எம்.வேர் நிறுவனத்தின் வி-சான் சேமிப்பை இரு மையங்களுக்கு இடையே விரித்து வைப்பதற்கு, போய்வரும் நேரம் 5 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

இந்த விரித்த அமைப்பில் ஒரு விசித்திரமான ஆபத்தும் உண்டு. இரு மையங்களும் நலமாயிருக்க, இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால், ஒவ்வொன்றும் 'மற்றது மாண்டது. இனி நானே தலைவன்' என்று எண்ணி வேலையைத் தொடங்கிவிடும். ஒரே கணக்குக்கு இரண்டு பேர் தனித்தனியே வரவு வைத்தால் பின்பு எப்படிச் சேர்ப்பது? இதைத் தடுக்க மூன்றாவது ஊரில் ஒரு சிறு சாட்சி யந்திரம் வைக்கிறார்கள். எந்தப் பக்கம் சாட்சியோடு பேச முடிகிறதோ அது தொடரும், மற்றது ஒதுங்கும். சாட்சியை அந்த இரு மையங்களுள் ஒன்றிலேயே வைத்துவிட்டால் அது சாட்சி ஆகாது. அந்தப் பிழையைச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

நகல் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா? போதாது. ஓய்வூதிய அலுவலகம் ஒன்றில் கணக்கு ஒரு யந்திரத்தில், விண்ணப்பங்கள் ஒரு யந்திரத்தில், பொதுமக்கள் பார்க்கும் பக்கம் ஒரு யந்திரத்தில் இருக்கும். கணக்கு 10 மணி நிலையிலும் விண்ணப்பம் 10:05 நிலையிலும் எழுந்தால், ஏற்கப்பட்ட விண்ணப்பத்துக்குக் கணக்கில் பதிவு இராது. ஆகவே ஒன்றையொன்று சார்ந்த யந்திரங்களை ஒரு குழுவாக்கி, ஒரே கணத்து நிலையில் நகல் எடுக்கும் வசதி வேண்டும். எழுப்பும்போதும் கணக்கு முதலில், அதைக் கேட்டு நடப்பவை பின்னர் என்ற வரிசை வேண்டும். குடி மாறியவர் தபால் நிலையத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுப்பது போல, யந்திரம் ஊர் மாறியதை இணையத்தின் பெயர்ப் பட்டியலுக்கும் அறிவிக்க வேண்டும். இவை அனைத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்து, ஒரு கட்டளையில் நடத்தித் தருவதே மீட்புத் திட்டக் கருவி. நூறு யந்திரங்களை நள்ளிரவில் பதற்றத்தோடு ஒவ்வொன்றாக எழுப்பும் நிலை எவருக்கும் வரக் கூடாதென்றால் இக்கருவி தேவை. பத்தே யந்திரங்கள் உள்ள சிறிய அலுவலகத்துக்கு நன்றாக எழுதிய நான்கு பக்கக் குறிப்பே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழங்காலத்தில் ஏடு பெயர்த்து எழுதியவர்கள் மூல ஏட்டிலிருந்த பிழையையும் சேர்த்தே எழுதினார்கள். அந்தப் பிழை எத்தனையோ சுவடிகளில் பரவியது. கணினியின் தொடர் நகலும் அத்தகையதே. இங்கே ஒருவர் தவறுதலாக அழித்தது சில நொடிகளில் அங்கேயும் அழியும். கெட்ட எண்ணத்தோடு நுழைந்தவர் இங்குள்ள கோப்புகளைப் பூட்டினால் அங்குள்ளவையும் பூட்டப்படும். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இவ்வாறு தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் பூட்டப்பட்டது. நோயாளிகளுக்கான சீட்டு முதலியவை ஏறக்குறைய இரண்டு வாரம் கையெழுத்திலேயே நடந்தன. வைத்தியத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தவர்களும் அந்த வரிசைகளில் நின்றார்கள். இறுதியில், தாக்குதலுக்கு உட்படாத ஒரு காப்பு சர்வரிலிருந்து தரவுகள் மீட்கப்பட்டதாக அரசாங்கம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஆகவே, எவ்வளவு விரைவான தொடர் நகல் இருந்தாலும், வலைப்பின்னலிலிருந்து பிரித்து வைத்த, எவராலும் மாற்ற முடியாத ஒரு காப்பு நகல் தனியே இருந்தே தீர வேண்டும். நேற்றைய நிலை, முந்தாநாளைய நிலை என்று பின்னோக்கிச் செல்லக்கூடிய நகல்களாகவும் அவை இருக்க வேண்டும்.

அடுத்து, இரண்டாவது மையம் எந்த ஊரில்? 1976-இல் தோன்றிய தேசியத் தகவல் மையம் தன் தேசியத் தரவு மையங்களை ஐதராபாத், புணே, தில்லி, புவனேசுவரம் முதலிய நகரங்களில் அமைத்திருக்கிறது. இவை நாட்டின் வெவ்வேறு பகுதிகள். தில்லிக்குப் பூகம்ப அபாயம் உண்டு. ஒடிசாக் கடற்கரைக்குப் புயல் அபாயம் உண்டு. ஒன்றை வருத்துவது மற்றதை வருத்தாது. சென்னை 2015 டிசம்பரில் வெள்ளத்தையும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலையும் கண்டது. சென்னையில் முதல் மையம் உள்ளவர் இரண்டாவதை அதே கடற்கரையில் வைப்பது உசிதமாகாது. ஆயினும் தொலைவு மட்டும் காப்பதில்லை. 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் ஒருசேர விழுந்தன. தில்லியும் கிழக்கிந்தியாவின் பெரும்பகுதியும் ஒரே நாளில் இருண்டன. ஆகவே இரு மையங்களும் எதனைப் பொதுவாக நம்பியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்: ஒரே மின்தொகுப்பா, ஒரே தொலைபேசி நிறுவனத்தின் இழையா, ஒரே நிர்வாகியின் ஒரே கடவுச்சொல்லா?

இவ்வளவும் அமைத்த பின்னும், பயன்படுத்திப் பார்க்காத ஏற்பாட்டை நம்ப முடியாது. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வர்த்தகம் நின்றது. மாற்று மையம் இருந்தும் அன்று வர்த்தகம் அங்கு மாற்றப்படவில்லை. அடுத்த மாதமே, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி நிறுவனம் விதிகளை இறுக்கியது. முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிஷத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிஷத்துக்குள் சேவை மீள வேண்டும். தாங்கும் இழப்பு 15 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. இதில் முதல் விதி சிந்திக்கத் தக்கது. 'இன்னும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையிலேயே பொழுது போய்விடுகிறது. மாறு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்பே எழுதி வைக்காவிட்டால், அந்த நேரத்தில் எவரும் சொல்ல முன்வர மாட்டார்கள். பின்பு 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரு சனிக்கிழமைகளில், உண்மையான வர்த்தகத்தையே மாற்று மையத்துக்கு மாற்றி நடத்திப் பார்த்தார்கள். ஒத்திகை என்றால் அதுவே ஒத்திகை. மெய்நிகர் யந்திரங்களில் இதற்கு ஒரு நல்ல வசதியும் உண்டு. வெளி உலகத்தோடு தொடர்பில்லாத ஒரு தனி வலைப்பின்னலில் நகல்களை எழுப்பிச் சோதித்துவிட்டுக் கலைத்துவிடலாம். நடக்கும் வேலைக்கு இடையூறு இல்லை. மாற்று மையத்திலிருந்து பழைய மையத்துக்குத் திரும்பி வருவதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். போன வழி தெரிந்து, திரும்பும் வழி தெரியாமல் நின்றவர்கள் உண்டு.

இனி, தேர்வுக்கு வருவோம். பணம் கைமாறும் வேலைக்கும் உயிர் காக்கும் வேலைக்கும் அருகில் ஓர் உடன்நிகழ் நகல், தொலைவில் ஒரு பின்தொடர் நகல், தனியே ஒரு காப்பு நகல் என மூன்றும் தேவை. ரேஷன், ஓய்வூதியம் போன்ற சேவைகளுக்கு 5 அல்லது 15 நிமிஷப் பின்தொடர் நகலும், மீட்புத் திட்டமும், காப்பு நகலும் பொருந்தும். பயிற்சிக்கும் சோதனைக்கும் உள்ள யந்திரங்களுக்கு வாரம் ஒரு நகலே போதும். எல்லாவற்றுக்கும் முதல் தரம் கேட்பவருக்குப் பணம் பாதியில் தீரும். ஒத்திகைக்கென்று ஒதுக்கியதே முதலில் வெட்டப்படும்.

ஆனால் ஓர் இடத்தில் நாங்கள் ஏறக்குறையத் தவறியிருப்போம். எங்கள் கலைச்சொல் தொகுதி ஒரு வாரம் கிடைக்காவிட்டாலும் உலகம் நின்றுவிடாது. ஆகவே அதைக் கடைசி வரிசையில் சேர்த்திருந்தார்கள். நான் அங்கே ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. காத்திருப்பது வேறு, இழப்பது வேறு. ஒரு வாரம் காத்திருப்போம். ஆனால் ஒரு பக்கம் போனாலும் அதை மீண்டும் உண்டாக்க முடியாது. ரேஷன் கடைக்கோ, காத்திருக்க முடியாது. ஆனால் ஐந்து நிமிஷத்துப் பதிவு போனால் கடைக்காரரின் ரசீதைக் கொண்டு சேர்த்துவிடலாம். இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும் என்பது அன்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெளிவாயிற்று. எங்கள் தொகுதிக்கு விரைந்து எழும் வசதி எதுவும் தரப்படவில்லை. மணிக்கு ஒரு முறை மாறியதை மட்டும் வேறோர் ஊருக்கு நகல் எடுத்து, மாதம் ஒரு முறை திறந்து படித்துப் பார்க்கும் ஏற்பாடு தரப்பட்டது. செலவு சொற்பம். கொரியாவின் களஞ்சியத்துக்கும் அத்தகைய ஓர் ஏற்பாடே போதுமானதாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

நேயர்களே, உங்களுள் பலர் அலுவலகங்களில், ஆலைகளில், பள்ளிகளில், தமிழ்ச் சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர்கள். பொறியாளர் அல்லாதவரும் கேட்கத்தக்க கேள்விகள் நான்கு. நம் இரண்டாவது நகல் எந்த ஊரில் இருக்கிறது? அதைக் கடைசியாகத் திறந்து படித்தது எப்போது? எவ்வளவு போனால், எவ்வளவு நேரம் நின்றால் தாங்குவோம் என்று பயன்படுத்துவோரைக் கேட்டீர்களா? மாறு என்று உத்தரவிடுபவர் யார். அவர் ஊரில் இல்லாதபோது யார்? இந்த நான்குக்கும் உடனே பதில் கிடைத்தால் உங்கள் பதிவேடுகள் நல்லவர் கையில் இருக்கின்றன. பதில் சொல்லத் தயங்கினால், மழைக்காலம் வருமுன் மீண்டும் ஒரு முறை கேளுங்கள்.